பன்னாட்டுக் கம்பெனியின் கணினிக்குள் நம் சரக்கு: கரையிலிருந்தே கணக்கு பிடிக்கும் வழி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் நண்டோ இறாலோ கணவாயோ காய்ந்த கடல்பாசியோ கம்பெனிக்குக் கொடுக்கிற எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படகு வைத்திருப்பவர், கரையில் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட், நண்டு அவித்துச் சதை எடுக்கும் சின்ன யூனிட் நடத்துபவர், பாசி வளர்க்கும் மகளிர் குழுவில் கணக்கு எழுதும் அக்கா என யாராக இருந்தாலும் சரி. கம்பெனி என்று நாம் சொல்வது பெரும்பாலும் தூத்துக்குடியிலோ மண்டபத்திலோ இருக்கும் பதப்படுத்தும் ஆலையைத்தான். அதற்குப் பின்னால் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு இறக்குமதியாளர், அவருக்கும் பின்னால் பல நாடுகளில் கடை விரித்திருக்கும் ஒரு பன்னாட்டு நிறுவனம். அந்தக் கடைசி ஆளை நாம் பார்த்ததில்லை, ஆனால் நம் சரக்கு எடுக்கப்படுமா, பணம் எப்போது வரும் என்பதில் இப்போது பாதி முடிவை அவர்களுடைய கணினிதான் எடுக்கிறது. அந்தக் கணினி கேட்கிற விவரத்தை நாமே கரையில் எழுதி, ஒரு பிரதியை நம் கையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவது அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

அவர்கள் கணினியில் நாம் எப்படித் தெரிகிறோம்

முன்பெல்லாம் பெரிய நிறுவனங்களிலும் ஒவ்வொரு நாட்டுக் கிளைக்கும் தனிப் புத்தகம், தனிக் கணக்குப்பிள்ளைதான். 1972-ல் ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் ஜெர்மனியில் எஸ்.ஏ.பி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதுவும் ஆரக்கிள் போன்றவையும் கொண்டுவந்த மென்பொருள்கள் கொள்முதல், கிடங்கு, கணக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகக் கட்டிவிட்டன. சிகாகோவில் உட்கார்ந்திருப்பவர் இன்று எந்தக் குளிர்கிடங்கில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று பார்க்கலாம். அந்த வசதியோடு இன்னொன்றும் நடந்தது: உள்ளூர் மேனேஜரின் கை கட்டப்பட்டுவிட்டது. "நம்ம ஆளுதான், பார்த்துக்கலாம்" என்று பில்லை பாஸ் செய்தவரால் இப்போது ஒரு கட்டத்தைக்கூடத் தாண்ட முடியாது. இங்கே இருக்கிற நடுத்தர ஆலைகளிலும் சிறிய அளவில் இதே மாதிரி மென்பொருள் வந்துவிட்டதால், கடைசிவரை நேரடியாகப் பன்னாட்டு நிறுவனத்தோடு பேசாதவருக்கும் இது பொருந்தும்.

பில் நிற்பது எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். கம்பெனி உங்களுக்கு 500 கிலோவுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) போடுகிறது. ஆலை வாசலில் எடை போடும்போது ஐஸ் நீர் வடிந்து 482 கிலோ என்று வரவு வைக்கிறார்கள். நீங்கள் கரையில் போட்ட எடைப்படி 500 கிலோவுக்கு பில் அனுப்புகிறீர்கள். ஆர்டர், வரவு, பில் மூன்றும் பொருந்தவில்லை என்றால் மென்பொருள் தானாகவே பில்லை நிறுத்திவிடும், அதற்கு யாரும் உங்கள்மேல் கோபப்பட வேண்டியதில்லை. நீங்கள் கொள்முதல் ஆளுக்குப் போன் மேல் போன் போடுவீர்கள், அவர் "அனுப்பியாச்சு, வந்துரும்" என்பார், பொய்யும் இல்லை, அவர் திரையில் அவ்வளவுதான் தெரியும். பில் பார்க்கிற வேலையையே பல பன்னாட்டு நிறுவனங்கள் ஒரே இடத்தில் குவித்து வைத்திருக்கின்றன, சிலவற்றுக்கு அந்த இடம் சென்னையேதான்.

ஆகவே செய்ய வேண்டியது: ஆலை வாசலில் எடைச்சீட்டு வாங்காமல் வண்டி திரும்பக் கூடாது. அந்தச் சீட்டில் உள்ள எடைக்குத்தான் பில். குறைந்த கிலோவுக்குக் காரணம் எழுதி (நீர் வடிந்தது, ரிஜெக்ட், சைஸ் குறைவு) அவர்கள் கையெழுத்தோடு வாங்குங்கள். பணம் வரவில்லை என்றால் "எப்ப வரும்" என்று கேட்காமல், "இந்த வென்டர் கோடு (கம்பெனி நமக்குத் தந்த எண்), இந்த பி.ஓ. நம்பர், இந்த பில் எந்த நிலையில் நிற்கிறது, எதற்காக நிற்கிறது" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எண்களோடு கேட்கும்போது அவர்களாலும் தேட முடியும்.

பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நம் கரையில் பணம் நிற்பதற்கு இதைப்போல அடிக்கடி வருகிற காரணம் வேறில்லை என்பேன். கீழக்கரையில் முகமது என்ற பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஆதாரில் ஒரு விதம், பான் கார்டில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் இரண்டே எழுத்தாகச் சுருங்கி மூன்றாவது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞானஸ்நானப் பெயர் வேறு, ஊர் கூப்பிடும் பெயர் வேறு, பர்னாந்து என்பதற்கே இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல். மற்றவர்களுக்கு இனிஷியல் தொல்லை: முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இல்லையா, ஒரு தாளில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கிறதா. மனிதக் கண்ணுக்கு இவை எல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று ஆட்கள்.

புதிய வென்டராகச் சேர்க்கும்போது பல கம்பெனிகள் உங்கள் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, வங்கியில் என்ன பெயர் திரும்புகிறது என்று பார்க்கும். பான் பெயரோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். பன்னாட்டு நிறுவனங்கள் அதோடு விடுவதில்லை, யாரோடு வியாபாரம் செய்யக் கூடாது என்று உலக நாடுகள் வைத்திருக்கும் தடைப் பட்டியல்களோடு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிடும் மென்பொருள் வைத்திருக்கின்றன. பரவலாக வழங்கும் முஸ்லிம் பெயர்கள் இதில் தவறாகப் பொருந்தி நின்றுபோவது உலகம் முழுக்க நடப்பது. இது அநியாயமாகத்தான் படுகிறது, எனக்கும் அப்படித்தான். ஆனாலும் பயப்பட வேண்டாம், கோபித்துக்கொண்டு விலகவும் வேண்டாம். பிறந்த தேதி, பான், முழு முகவரி இவற்றைக் கொடுத்து "நான் அந்த ஆள் இல்லை, சரிபார்த்து விடுவியுங்கள்" என்று எழுத்தில் கேட்டால் மனிதர் ஒருவர் பார்த்து விடுவிப்பார்.

முதலில் பான் கார்டை அடிப்படையாக வைத்து, வங்கி, ஆதார், ஜிஎஸ்டி இருந்தால் ஜிஎஸ்டி, உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) எல்லாவற்றையும் அதே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். குழுவாக இருந்தால் குழுவின் பெயருக்கும் இதே கதைதான். தீர்மானப் புத்தகத்தில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்றால் அதை முதலில் சரி செய்யுங்கள்.

எந்தப் படகு, எந்த நாள், எந்த வலை

ஏன் திடீரென்று எல்லோரும் இதைக் கேட்கிறார்கள் என்று கரையில் எரிச்சலாகப் பேசுவதைக் கேட்கிறேன். திடீரென்று வந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி முதலே கடலில் பிடித்த மீனுக்குப் பிடிப்புச் சான்று கேட்கிறது. நம் நாட்டில் அதைக் கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்தான் பார்க்கிறது. 2026 ஜனவரி 10 முதல் அந்தச் சான்றை ஐரோப்பிய இறக்குமதியாளர் கணினி வழியாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அமெரிக்கா 2018 கடைசியிலிருந்து இறாலுக்கு, எங்கே பிடிபட்டது அல்லது வளர்ந்தது என்ற விவரத்தை இறக்குமதியாளரிடம் கேட்கிறது. அவர்களுடைய உணவு மருந்து நிர்வாகம் கொண்டுவந்த இன்னொரு விதிப்படி மீன், நண்டு, இறால் உள்பட பல உணவுகளுக்கு லாட் எண் (ஒரு தொகுதிச் சரக்குக்கு ஒரு எண்) வைத்துப் பின்னோக்கித் தேட முடிய வேண்டும். அதற்கான கெடு 2026-லிருந்து 2028 ஜூலை 20-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. கெடுதான் தள்ளிப்போனது, பெரிய கடைகள் காத்திருக்கவில்லை. வால்மார்ட் ஐபிஎம்மோடு சேர்ந்து செய்த ஒரு சோதனையில், ஒரு மாம்பழப் பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முதலில் ஏறக்குறைய ஏழு நாள் ஆனது, விவரம் எல்லாம் கணினியில் ஏறியபின் 2.2 நொடியில் கிடைத்தது. அதைப் பார்த்த பிறகு ஏழு நாள் காத்திருக்க அவர்கள் தயாராக இருப்பார்களா?

சரி, என்ன எழுத வேண்டும்? படகின் பதிவு எண் (ராமேசுவரம் படகு என்றால் டிஎன் 10 என்று வருமே, அது முழுதாக), விசைப்படகு என்றால் கடலுக்குப் போக டோக்கன் எடுத்த தேதி, கரை சேர்ந்த தேதியும் இடமும், என்ன வலை, எந்தப் பகுதியில் பாடு (வலையில் பிடிபட்டது), என்ன இனம், எத்தனை கிலோ, யாரிடம் கொடுத்தது, எத்தனை மணிக்கு ஐஸ் போட்டது. இது ஒரு பக்கத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். பாடு விழுந்த இடத்தை உள்ளபடியே எழுதுங்கள். டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி) பொருத்திய படகின் தடம் ஒரு பக்கம் சொல்ல, நம் நோட்டு வேறு பக்கம் சொன்னால், அதன்பின் அந்த நோட்டின் ஒரு வரியையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இனத்தின் பெயரில் கவனம் வேண்டும். ஒரே நண்டுக்குப் பாக் நீரிணைப் பக்கம் ஒரு பெயர், மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு பெயர் என்று இருக்கும். நாம் பேசிக்கொள்வதற்கு அது அழகுதான், ஆனால் நோட்டில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் அறிவியல் பெயரையும் எழுதிவிடுங்கள். நீலக்கால் நண்டுக்கு போர்ட்டுனஸ் பெலாஜிகஸ். முதுகில் மூன்று புள்ளி உள்ள நண்டு வேறு இனம், அதே கூடையில் கலந்துபோனால் முழுக் கூடையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தெரியாத இனம் என்றால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, போய்க் கேட்கலாம்.

லாட் எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இடத்துக்கு ஒரு எண், பிறகு ஆண்டு மாதம் தேதி, பிறகு அன்றைய வரிசை. மண்டபத்துக்கு 02 என்று வைத்தால், 2026 மார்ச் 3-ஆம் தேதி நான்காவதாக எடுத்த சரக்கு 02-260303-04. தமிழ் எழுத்தைப் போட்டால் சில மென்பொருளில் அது கட்டம் கட்டமாக மாறிவிடும், அதனால் எண்களாகவே இருக்கட்டும். அதே எண்ணை நீர் படாத அட்டையில் எழுதிப் பெட்டியோடு அனுப்புங்கள். இரண்டு படகின் சரக்கைச் சேர்த்தால் புதிய எண் போட்டு, எந்த இரண்டு எண் சேர்ந்தது என்று எழுதுங்கள். நண்டுச் சதை எடுக்கும் யூனிட்டில் பெரும்பாலும் இங்கேதான் நூல் அறுகிறது: காலையில் ஐந்து படகு நண்டு ஒரே அண்டாவில் அவிந்துவிடும். அண்டாவைப் பிரிக்க முடியாது என்றால் பரவாயில்லை, அந்த ஐந்தையும் ஒரு லாட்டாக எழுதுங்கள். எழுதாமல் விடுவதுதான் தப்பு.

பாசிக்குக் கணக்கு இன்னும் எளிது, ஏனென்றால் பாசி நகராது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சிகோ மண்டபம் பகுதியில் கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பைத் தொடங்கிவைத்ததிலிருந்தே இந்தத் தொழில் பன்னாட்டுக் கொள்முதலோடு கட்டப்பட்டதுதான். பாசி கட்டி வளர்க்கும் தெப்பத்துக்கு எண் போடுங்கள், விதை கட்டிய தேதி, ஏறக்குறைய 45 நாள் கழித்து அறுத்த தேதி, ஈர எடை, காய்ந்த எடை, மணலில் காயவைத்ததா வலை விரித்து மேடையில் காயவைத்ததா என்று எழுதுங்கள். ஈரப்பதமும் மணலும்தான் விலையைக் குறைக்கின்றன, அதைச் சோதனைக்கூடத்தில் அளந்து எண்ணாகத்தான் சொல்வார்கள். அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கித் தெப்பக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதினால், எந்தக் காற்றில் எப்படிக் காயவைத்தால் எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரு வருடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். இயற்கையாக வளரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி எடுப்பவர்கள் கப்பாஃபைகஸோடு ஒரே சாக்கில் கலக்கவே கூடாது, தொழிற்சாலையில் இரண்டும் வேறு வேறு வேலைக்குப் போகின்றன.

அந்த விவரம் யாருடையது

கம்பெனி ஆட்கள் வந்து போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுக்கிறார்கள். நாம் தினமும் அதில் படகு, கிலோ, இடம் எல்லாம் போடுகிறோம். மூன்று வருடம் கழித்து ஒப்பந்தம் முடிகிறது, ஆப் திறப்பதில்லை, மூன்று வருடக் கணக்கும் போய்விடுகிறது. வேறொரு கம்பெனி வந்து "உங்கள் பழைய பதிவு காட்டுங்கள்" என்றால் நம்மிடம் ஒன்றும் இல்லை. எந்தக் கரையில் எந்த மாதம் எவ்வளவு பாடு என்று அவர்களுக்கு முழுதாகத் தெரியும், அதை வைத்து விலை பேசுவார்கள். கடலில் இறங்கியவர் வெறுங்கையோடு எதிரில் உட்கார்ந்திருப்பார். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. தகவல் தொழில்நுட்பம் பன்னாட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்த பெரிய பலமே, எங்கோ தூரத்தில் இருப்பவரின் வேலையைத் தங்கள் திரையில் பார்க்க முடிவதுதான். அந்தப் பலத்தில் ஒரு பங்கு, விவரத்தைத் தந்தவருக்கும் வர வேண்டும்.

அதனால் ஆப் வந்தாலும் நோட்டை விடாதீர்கள். முதலில் நோட்டு, பிறகு ஆப், இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். கல்லூரி படிக்கிற பிள்ளை இருந்தால் மாதம் ஒருமுறை கூகுள் ஷீட்டில் ஏற்றித் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நான் போட்ட விவரத்தை நான் எப்போது வேண்டுமானாலும் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா, ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளுக்குள் முழுப் பிரதி தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனியாகக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள், சங்கமாகவோ குழுவாகவோ கேட்டால் எழுதித் தருவார்கள்.

வேலை செய்யும் பெண்களின் ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு அனுப்பச் சொல்வதை ஏற்காதீர்கள். தனிநபர் விவரத்தைக் காக்க 2023-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எதற்காக வேண்டும், எங்கே வைப்பார்கள் என்று கேட்பது அந்தப் பெண்களின் உரிமை. பல இடங்களில் பெயரும் வேலை அட்டை எண்ணும் போதும், கேட்டுப் பாருங்கள்.

கணினி படுத்தால், கணக்கு திருடு போனால்

2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் நாட்பெட்யா என்ற தீம்பொருளால் உலகம் முழுக்க ஒரே நாளில் செயலிழந்தன. உக்ரைனில் பயன்படும் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக அது உள்ளே வந்தது. 4,000 சர்வர்கள், 45,000 கணினிகளில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. நிறுவனத்தின் முக்கியமான ஒரு பதிவுக்குப் பிரதி எங்குமே பிழைக்கவில்லை, கானா நாட்டில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒரே ஒரு கணினியைத் தவிர. இழப்பு 20 முதல் 30 கோடி டாலர். அந்த நாட்களில் துறைமுகங்களில் பேனாவும் காகிதமும் வாட்ஸ்அப்பும் வைத்துத்தான் வேலை நடந்தது. நோட்டு, நோட்டு என்று நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பது இதில் புரியும் என்று நினைக்கிறேன்.

2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி அட்டை விவரங்கள் திருடுபோனபோது, திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன வேலை பார்த்த ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் பாஸ்வேர்டு வழியாக. நம்மைப்போன்ற சின்ன சப்ளையரிடம்கூடப் பாதுகாப்புப் படிவம் நீட்டுவது இதுபோன்ற அனுபவங்களால்தான். கம்பெனி போர்ட்டல் பாஸ்வேர்டைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள், ஊர் பிரவுசிங் சென்டர் கணினியில் சேமிக்காதீர்கள்.

நம் பக்கத்துக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து, வங்கிக் கணக்கு மாற்றம். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சல் போலவே ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் அனுப்புங்கள்" என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் போகும். பணமும் போய்விடும். கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும் இந்த எண்ணுக்குப் பேசி உறுதி செய்த பிறகே மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அப்படி வந்தாலும், கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கனவே தெரிந்த எண்ணுக்குப் பேசுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள், சீக்கிரம் அழைத்தால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

பணம் தாமதமானால்

நண்டுச் சதை எடுப்பது, காயவைத்துப் பொதி செய்வது போன்ற உற்பத்தி வேலை செய்யும் சிறு யூனிட் என்றால் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனிலேயே முடியும், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். அது இருந்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கிய இந்தியக் கம்பெனி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டிவீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. சிறுதொழில்களுக்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம். வெறுமனே வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள், அந்த எண் இருக்கிற பில்லைத் தாமதமாகக் கொடுத்தால் கம்பெனிக்கு வருமான வரியிலும் இடி விழும் என்பதால் அவர்கள் மென்பொருளிலேயே தனியாகக் குறிக்க வாய்ப்புண்டு. 250 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸ் தளத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் விதி. அவர்கள் ஏற்றுக்கொண்ட பில்லை அதில் ஏற்றினால் வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு முன்கூட்டியே பணம் தரும், கொஞ்சம் வட்டி கழியும். பெரிய கம்பெனிக்கு நேரடியாக பில் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

பெயர் திருத்தம், வங்கிக் கடிதம், உத்யம் பதிவு போன்ற காகித வேலைகளைச் சரக்கு ஓடுகிற மாதங்களில் தொட முடியாது. விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள தடைக்காலத்தில் முடித்துவிடுங்கள். பாசிக் குழுக்களுக்கு வாடைக்காற்று வீசித் தெப்பம் இறக்க முடியாத நாட்கள் வசதி. முதலில் பான் கார்டையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், அடுத்த வேலை எது என்று அதிலேயே தெரிந்துவிடும்.